வல்லாரை, மஞ்சள், பூனைக்காலி: நரம்பணுக்களைக் காக்கத் தாவரங்களை எப்படிப் பயன்படுத்துவது

வீட்டில் அறுபதைக் கடந்த பெரியவர் ஒருவர் அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறக்கத் தொடங்கினாலோ, மடியில் சும்மா கிடக்கும் அவருடைய விரல்கள் தாமாக நடுங்கத் தொடங்கினாலோ, பெங்களூரில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் அடுத்த வாரமே அலமாரியில் புதிய புட்டிகள் சில வந்து சேர்கின்றன. வல்லாரை மாத்திரை, மஞ்சளிலிருந்து எடுத்த குர்குமின் கேப்சூல், அமுக்கரா (அசுவகந்தா) சூரணம், பச்சைத் தேயிலைச் சாறு என்று ஒவ்வொன்றையும் ஒவ்வோர் உறவினர் பரிந்துரைத்திருப்பார். அன்பினால் நடக்கும் இந்த ஏற்பாட்டில் பயனும் உண்டு, வீண் செலவும் உண்டு, உண்மையான ஆபத்தும் உண்டு. எதை வாங்குவது, எப்படிச் சமைப்பது, எதை மருத்துவரிடம் கேட்காமல் தொடக்கூடாது என்பதை ஒவ்வொன்றாக இங்கே விளக்குகிறேன்.

மறதியைத் தரும் அல்சைமர் நோயையோ நடுக்கத்தைத் தரும் பார்க்கின்சன் நோயையோ தடுத்து நிறுத்தும் என்று மனிதர்களிடம் மெய்ப்பிக்கப்பட்ட தாவரச் சேர்மம் இன்றுவரை ஒன்றுகூட இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஆயினும் கீரை, பருப்பு, கொட்டை, பழம், மசாலாப் பொருள்கள் ஆகியவற்றை நாள்தோறும் உண்பவர்களின் மூளை முதுமையிலும் ஓரளவு நன்றாக இயங்குகிறது என்பதற்கு நீண்டகால ஆய்வுகளில் சான்று இருக்கிறது. ஆகவே தாவரங்களைத் தயங்காமல் தட்டில் வையுங்கள். செறிவூட்டிய மாத்திரையாக உட்கொள்வதென்றால் மட்டும் அதை மருந்தாகவே கருதி, மருந்துக்குரிய எச்சரிக்கையோடு அணுகுங்கள்.

எந்தப் புட்டியையும் திறப்பதற்கு முன்

இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் ஏறத்தாழ 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, மறதிநோய் இருப்பதாக 2023-இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. ஆனால் மறதியோடு வரும் எல்லாருக்கும் அந்த நோய் இருப்பதில்லை. தைராய்டு சுரப்புக் குறைவு, மனச்சோர்வு, சில தூக்க மாத்திரைகள், எப்போதோ விழுந்து அடிபட்டதால் மண்டையோட்டுக்குள் மெல்லக் கசிந்து தேங்கிய இரத்தம், காது சரியாகக் கேளாமை ஆகிய எல்லாமே மறதியைப்போலத் தோன்றலாம். இவற்றில் பெரும்பாலானவற்றைச் சரிசெய்ய முடியும் என்பதால்தான் பரிசோதனையைத் தள்ளிப்போடுவது பெரும் இழப்பாகிறது.

வைட்டமின் பி12 குறைபாட்டைத் தனியாகக் குறிப்பிட விரும்புகிறேன். நரம்பணுக்களின் (நரம்புச் செல்களின்) உறையைப் பேணுவதற்கு இன்றியமையாத இந்தச் சத்து தாவரங்களில் இல்லை. தலைமுறைகளாகச் சைவ உணவே உண்டு, வயது ஏறியதும் பாலையும் தயிரையும்கூடக் குறைத்துக்கொண்ட ஒரு பாட்டிக்கு வல்லாரை எவ்வளவு கொடுத்தாலும் இந்தக் குறை நீங்காது. சில நூறு ரூபாய் செலவில் ஓர் இரத்தப் பரிசோதனையும், பிறகு ஊசியோ மாத்திரையோ தேவைப்படும். நீரிழிவுக்காக மெட்ஃபார்மினை ஆண்டுக்கணக்கில் எடுப்பவர்களுக்கு இக்குறைபாடு வரும் வாய்ப்பு இன்னும் அதிகம்.

ஓசூர் சாலையில் உள்ள நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் நரம்பியல், முதியோர் மனநலம் ஆகிய இரு பிரிவுகளும் இருக்கின்றன. அங்கே தமிழில் பேசித் தம் நிலையை விளக்குவது பெரும்பாலும் கடினமாக இருப்பதில்லை. கர்நாடக அரசு நிம்ஹான்ஸுடன் இணைந்து நடத்தும் மூளை நலத் திட்டத்தின்கீழ் அரசு மருத்துவமனைகள் சிலவற்றிலும் மூளை நல மையங்கள் இயங்குகின்றன. முதலில் அங்கே சென்று வாருங்கள். கீழே சொல்லப்படுபவை அனைத்தும் அதற்குப் பிறகு செய்ய வேண்டியவை.

ஆய்வுக்கூடத்துக்கும் அடுக்களைக்கும் இடையே உள்ள தொலைவு

தாவரச் சேர்மங்கள் நரம்பணுவுக்குள் என்ன செய்கின்றன என்பதை ஓரளவு புரிந்துகொண்டால் விளம்பரங்களை எடைபோடுவது எளிதாகும். அல்சைமர் நோயில் அமிலாய்டு, டவ் என்னும் புரதங்களும், பார்க்கின்சன் நோயில் ஆல்ஃபா சினூக்ளின் என்னும் புரதமும் தவறாக மடிந்து திரண்டு நிற்கின்றன. அணுவுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா தளர்கிறது. ஆக்சிஜனேற்ற அழுத்தம் பெருகுகிறது. அழற்சி ஓயாமல் நீடிக்கிறது. குர்குமின், தேயிலையின் காட்டெச்சின்கள், திராட்சைத் தோலின் ரெஸ்வெரட்ரால் போன்றவை இந்த ஒவ்வொரு படியிலும் குறுக்கிட வல்லவை என்பதை ஆய்வுக்கூடத் தட்டுகளில் வளர்க்கப்பட்ட அணுக்களில் ஆயிரக்கணக்கான சோதனைகள் காட்டியிருக்கின்றன. இச்சேர்மங்களில் பல, பூச்சிகளையும் கிருமிகளையும் விரட்டுவதற்காகத் தாவரம் தனக்கென உண்டாக்கிக்கொண்ட தற்காப்புப் பொருள்கள். சிறிய அளவில் அவை நம் அணுக்களுக்குள் செல்லும்போது, அணு அதை ஒரு மெல்லிய அச்சுறுத்தலாக உணர்ந்து, என்ஆர்எஃப்2 என்னும் புரதத்தை விழிக்கச் செய்து, தன் சொந்தப் பாதுகாப்பு நொதிகளைப் பெருக்கிக்கொள்கிறது என்பது இன்று பலரும் ஏற்கும் விளக்கம். சிறிய அளவு நன்மை செய்கிறது என்பதால் பெரிய அளவு இன்னும் நன்மை செய்யும் என்று கருதக்கூடாது என்பதும் இதிலிருந்தே தெளிவாகிறது.

தட்டில் வளர்த்த அணுவின் மீது சேர்மத்தை நேராக ஊற்றலாம். மனித உடலிலோ அது குடலைக் கடக்க வேண்டும், கல்லீரலில் சிதையாமல் தப்ப வேண்டும், இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையே உள்ள தடுப்பைத் தாண்ட வேண்டும். வாயில் போட்டதில் மிகச் சிறு பகுதியே நரம்பணு வரை சென்று சேர்கிறது. சேர்ந்தாலும் உருமாறிய நிலையில்தான் சேர்கிறது.

எலிகளில் கிடைத்த வெற்றிக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். மூளை ஆய்வாளர் விஜயலட்சுமி ரவீந்திரநாத் தலைமையில், மானேசரின் தேசிய மூளை ஆய்வு மையத்தையும் பெங்களூரின் இந்திய அறிவியல் கழகத்தையும் சேர்ந்தவர்கள் 2012-இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு மிகவும் மதிப்புக்குரியது. அல்சைமர் குறைபாடு உண்டாக்கப்பட்ட சுண்டெலிகளுக்கு அமுக்கரா வேர்ச் சாற்றைக் கொடுத்தபோது அவற்றின் நினைவாற்றல் மீண்டது, அமிலாய்டு குறைந்தது. அந்தச் சாறு தன் வேலையைச் செய்தது மூளையில் அன்று, கல்லீரலில். அங்கே ஒரு புரதத்தைப் பெருக்கி, அமிலாய்டை மூளையிலிருந்து இரத்தத்துக்கு இழுத்து வெளியேற்றியது. மிக அழகான கண்டுபிடிப்பு. ஆனால் சுண்டெலிக்கு வாய்வழி கொடுக்கப்பட்ட அளவு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1 கிராம் என்பதையும் கவனிக்க வேண்டும். கடைப் புட்டியின் உறையில் ‘ஆய்வில் நிரூபிக்கப்பட்டது’ என்று எழுதியிருந்தால், யாரிடம், எந்த அளவில், எவ்வளவு காலம் என்ற மூன்று கேள்விகளைக் கேளுங்கள். விடை எலியில் முடிந்துவிட்டால் புட்டியைக் கீழே வைத்துவிடலாம்.

மஞ்சள்

மஞ்சளைப் பற்றிய மிகப் புகழ்பெற்ற மனித ஆய்வுகளில் ஒன்று நம் நகரத்திலேயே நடந்தது. பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியின் மருந்தியல் துறையினர் 1998-இல் வெளியிட்ட அந்த ஆய்வில், நலமாக இருந்த தன்னார்வலர்களுக்கு 2 கிராம் குர்குமின் மட்டும் கொடுக்கப்பட்டபோது அது அவர்கள் இரத்தத்தில் கண்டறிய முடியாத அளவுக்கு அல்லது மிகச் சொற்பமாகவே இருந்தது. அதோடு மிளகில் உள்ள பைப்பரினை 20 மி.கி. சேர்த்துக் கொடுத்தபோது முதல் ஒரு மணி நேரத்தில் அளவு வெகுவாக உயர்ந்தது. உடலுக்குக் கிடைத்த குர்குமினின் அளவு 2000 விழுக்காடு கூடியதாக அவர்கள் கணக்கிட்டார்கள். இன்று கடைகளில் மிளகுச் சாறு சேர்த்த குர்குமின் கேப்சூல்கள் நிரம்பியிருப்பதற்கு வித்திட்டது இந்த ஆய்வுதான்.

இந்த எண்ணைச் சமையலுக்குக் கொண்டுவந்து பார்ப்போம். மஞ்சள்தூளில் குர்குமின் ஏறத்தாழ 3 விழுக்காடு. 2 கிராம் குர்குமினைப் பெற 60 கிராமுக்கும் மேலான மஞ்சள்தூளை ஒரே வேளையில் உண்ண வேண்டும். ஒரு குடும்பத்துக்கான சாம்பாரில் அரைத் தேக்கரண்டி மஞ்சள் போட்டு, அதை நான்கு பேர் உண்டால் ஒருவருக்குக் கிடைக்கும் குர்குமின் சில மி.கி. மட்டுமே. மாறாக, மிளகின் கணக்கு எளிது. மிளகில் பைப்பரின் சுமார் 5 விழுக்காடு என்பதால் எட்டு, பத்து மிளகிலேயே 20 மி.கி. வந்துவிடும். ஆகவே சமையல் மஞ்சள் ஆய்வில் தந்த அளவை எட்டாது என்பதை மனமார ஏற்றுக்கொண்டு, எண்ணெயில் அல்லது நெய்யில் மஞ்சளைச் சற்றே வதக்குவது, ரசத்திலும் பொரியலிலும் மிளகைத் தட்டிப்போடுவது என்ற பழைய வழக்கத்தைத் தொடருங்கள். குர்குமின் நீரில் கரையாமல் கொழுப்பில் கரைவது என்பதால் அந்தத் தாளிப்புக்குப் பொருள் இருக்கிறது.

நோயாளிகளிடம் நடந்த ஆய்வுகளின் முடிவுகள் ஏமாற்றம் தந்தன. ஹாங்காங்கிலும் அமெரிக்காவிலும் அல்சைமர் நோயாளிகளுக்கு ஆறு மாத அளவில் குர்குமின் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் நினைவாற்றல் மேம்படவில்லை. நோய் இல்லாத நடுத்தர வயதினரும் முதியவர்களுமாகிய 40 பேரிடம் 18 மாதம் நடந்து 2018-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு மட்டும், எளிதில் உட்கிரகிக்கப்படும் குர்குமினை நாளொன்றுக்கு இருமுறை 90 மி.கி. கொடுத்தபோது நினைவாற்றல் மேம்பட்டதாகச் சொன்னது. அது சிறிய ஆய்வு. பெரிய அளவில் உறுதிப்படும்வரை அதை நம்பிப் பணம் செலவிடுவது என் கணிப்பில் தேவையற்றது. டெல்லிக்கு அருகில் உள்ள பல்லப்கட் கிராமங்களில் அல்சைமர் குறைவாக இருப்பது கண்டறியப்பட்டதை வைத்து, ‘இந்தியர்கள் மஞ்சள் உண்பதால்தான்’ என்று பலர் எழுதுவதையும் அப்படியே ஏற்க வேண்டாம். அந்த ஆய்வு மஞ்சளை அளக்கவே இல்லை. வாழ்நாள், மரபணு, உழைப்பு, பிற உணவு என்று வேறுபாடுகள் பல உண்டு.

மஞ்சளை வாங்கும் முறைதான் உண்மையில் நரம்பணுக்களோடு நேரடியாகத் தொடர்புடையது. கிழங்குக்குப் பளிச்சென்ற நிறம் ஏற்றுவதற்காக ஈயக் குரோமேட் பூசும் கலப்படம் தெற்காசியாவில் பல இடங்களில் கண்டறியப்பட்டிருக்கிறது. ஈயம் நரம்பணுக்களுக்கு நஞ்சு. குறிப்பாகக் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். தாத்தாவின் நினைவாற்றலுக்காக வாங்கிய மஞ்சள் பேரப்பிள்ளையின் மூளையைத் தாக்குவது எவ்வளவு பெரிய கொடுமை! முழு மஞ்சள் கிழங்கு ஒன்றைக் கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் போடுங்கள். கலப்படம் இல்லாதது உடனே நிறம் விடாது, பூசப்பட்டதோ போட்டதும் மஞ்சளாகக் கரையத் தொடங்கும். இது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வீடுகளுக்குப் பரிந்துரைக்கும் சோதனை. அளவுக்கு மீறிப் பளபளக்கும் கிழங்கைத் தவிர்த்து, மங்கலான நிறமுள்ள ஈரோடு அல்லது சேலத்து விரலி மஞ்சளை வாங்கி, காயவைத்து மில்லில் அரைத்துக்கொள்வது இன்னும் நல்லது. ஊருக்குப் போய்வரும் குடும்பங்களுக்கு இது கடினமான காரியம் அன்று.

குர்குமின் கேப்சூல், குறிப்பாக மிளகுச் சாறு சேர்த்தது, சிலருக்குக் கல்லீரல் அழற்சியை உண்டாக்கியது பதிவாகியிருக்கிறது. ஒரு குறிப்பிட்ட மரபணு வகை உடையவர்களிடம் இது அதிகம் காணப்பட்டது. மேலும் பைப்பரின், கல்லீரல் மருந்துகளைச் சிதைக்கும் வேகத்தைக் குறைப்பதால், வலிப்புக்குக் கொடுக்கப்படும் ஃபெனிடாயின், இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கப்படும் புரோப்பிரனலால் போன்றவற்றின் அளவை இரத்தத்தில் உயர்த்திவிடும். ரசத்து மிளகுக்கு இந்த அச்சம் வேண்டாம். சாறாகச் செறிவூட்டப்பட்ட பைப்பரினுக்கு வேண்டும்.

வல்லாரையும் நீர்ப்பிரமியும்

பெங்களூர்ச் சந்தைகளில் வல்லாரையைக் கேட்டால் பலருக்குத் தெரியாது. ‘ஒந்தெலகா சொப்பு’ என்று கேளுங்கள், காந்தி பஜாரிலும் மல்லேஸ்வரத்திலும் கட்டுக் கட்டாக எடுத்துக் கொடுப்பார்கள். சிலர் இதையே பிரமி என்றும் சொல்வார்கள். கேரளத்தில் பெரும்பாலும் பிரமி என்று விற்கப்படுவது நீர்ப்பிரமி என்னும் வேறு செடி. ஆய்வுகளில் நினைவாற்றலுக்குச் சோதிக்கப்பட்ட ‘பிரமி’ பெரும்பாலும் அதுவே என்பதால் இந்த வேறுபாடு இங்கே முக்கியம். வல்லாரை இலை வட்டமாகவும், ஓரம் சிறு பற்களாக வெட்டப்பட்டதாகவும், காம்பு சேரும் இடத்தில் உள்வாங்கியதாகவும் இருக்கும். காம்பு இலையின் நடுவில் குடைபோலச் சேர்ந்திருந்தால் அது அலங்காரச் செடியாக வளர்க்கப்படும் வேறொன்று, வாங்க வேண்டாம். நீர்ப்பிரமியின் இலையோ விரல்நகத்தைவிடச் சிறியது, தடித்தது, கடும் கசப்பு.

நீர்ப்பிரமிச் சாற்றை நாளொன்றுக்கு 300 மி.கி. வீதம் 12 வாரம் கொடுத்துப் பார்த்த ஆய்வுகள் ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் நடந்துள்ளன. கற்றதை நினைவில் வைத்து மீட்டுச் சொல்லும் திறன் சற்றே மேம்பட்டதாக அவை காட்டின. கலந்துகொண்டவர்கள் நலமாக இருந்தவர்கள். மறதிநோய் உடையவர்கள் அல்லர். வயிற்றுப் பொருமல், குமட்டல், அடிக்கடி மலம் கழித்தல் ஆகியவை பக்கவிளைவுகள். நெஞ்சுத் துடிப்பு குறைவாக உள்ளவர்களும், டொனெபெசில் போன்ற மறதி மாத்திரையை ஏற்கெனவே எடுப்பவர்களும் இதை மருத்துவர் சொல்லாமல் சேர்க்கக்கூடாது. இரண்டும் ஒரே திசையில் வேலை செய்து துடிப்பை மேலும் தாழ்த்தக்கூடும்.

வல்லாரையின் ஏசியாட்டிகோசைடு, ஏசியாட்டிக் அமிலம் ஆகிய சேர்மங்கள் பற்றி விலங்குகளில் நம்பிக்கை தரும் முடிவுகள் உள்ளன. மனிதரிடம் சான்று மெலிந்தது. கீரையாக உண்பதற்கு அந்தச் சான்றுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் வல்லாரை ஈரமண்ணில் தரையோடு படரும் கொடி என்பதால், எந்தத் தண்ணீரில் வளர்ந்தது என்பது மிக முக்கியம். பெங்களூரின் ஏரிகள் பலவற்றில் கழிவுநீர் கலக்கிறது. அக்கரைகளில் விளையும் கீரையில் ஈயமும் காட்மியமும் ஏறக்கூடும், அதைக் கழுவினால் போகாது. மேல்மாடியிலோ பால்கனியிலோ ஓரடி அகலமுள்ள தட்டையான தொட்டியில் நீங்களே வளர்ப்பது மிகச் சிறந்தது. சந்தையில் வாங்கிய கட்டிலிருந்து வேர் உள்ள கணுக்களை எடுத்து, மண்ணும் தொழு உரமும் கலந்த ஈரக் கலவையில் பதித்து, பாதி நிழலில் வைத்துத் தினமும் தண்ணீர் விட்டால், சில வாரங்களில் கொடி தொட்டியை மூடிவிடும். இந்த ஊரின் மிதமான வெயில் அதற்கு மிகவும் ஏற்றது.

சமைக்கும் முறையில் நம் துவையலோடு கன்னடக் குடும்பங்களின் தம்புளியையும் கற்றுக்கொள்ளுமாறு சொல்வேன். பல் சரியில்லாத பெரியவர்களுக்கு அது மிக எளிதாக இறங்கும். ஒரு கைப்பிடி இலையைக் காம்போடு உப்புத் தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, மூன்று முறை அலசி, நீரை வடியவிடுங்கள். ஒரு தேக்கரண்டி நெய்யில் அரைத் தேக்கரண்டி சீரகத்தையும் ஆறேழு மிளகையும் பொரித்து, அதே சூட்டில் இலையைப் போட்டு, துவண்டதும் இறக்கிவிட வேண்டும். நிறம் கறுக்கும்வரை வதக்கினால் கசப்பு ஏறிவிடும். ஆறிய பிறகு இரண்டு மேசைக்கரண்டி தேங்காய்த் துருவலோடு மையாக அரைத்து, கடைந்த மோர் ஒரு குவளையில் கலந்து, உப்பிட்டு, கடுகும் ஒரு காய்ந்த மிளகாயும் தாளித்துக் கொட்டுங்கள். மறுபடி அடுப்பில் வைக்கக்கூடாது, மோர் திரிந்துவிடும். சூடான சோற்றின் முதல் கவளத்தோடு வாரத்தில் இரண்டு, மூன்று நாள் பரிமாறினால் போதும்.

பூனைக்காலி: எச்சரிக்கையுடன் படிக்க வேண்டிய பகுதி

மற்ற தாவரங்களைப் பற்றிய பேச்சு ‘இருக்கலாம்’ என்ற அளவில் நின்றுவிடும்போது, பூனைக்காலி என்னும் அவரையினக் கொடியின் விதையில் உள்ளது உண்மையான, வலிமையான மருந்து. 1937-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தில் தாமோதரனும் ராமசாமியும் இவ்விதையிலிருந்து லெவோடோபாவைப் பிரித்தெடுத்தார்கள். அதே பொருள்தான் கால் நூற்றாண்டுக்கும் மேலான காலம் கடந்து பார்க்கின்சன் சிகிச்சையின் தலையாய மருந்தாயிற்று. லண்டனில் எட்டு நோயாளிகளிடம் நடந்து 2004-இல் வெளியான ஆய்வில், 30 கிராம் பூனைக்காலிப் பொடி லெவோடோபா மாத்திரையைவிட விரைவாக வேலை செய்யத் தொடங்கியது.

நடுக்கத்தையும் விறைப்பையும் குறைப்பது வேறு, அழியும் நரம்பணுக்களைக் காப்பது வேறு. லெவோடோபா முதல் வேலையைச் செய்கிறது. மூளையில் குறைந்துபோன டோபமின் என்னும் வேதிப்பொருளை ஈடுசெய்கிறது. ‘நரம்பைக் காக்கும் மூலிகை’ என்று இதை விற்பது சரியன்று. அளவைக் கவனியுங்கள்: விதையில் லெவோடோபா பொதுவாக 4 முதல் 6 விழுக்காடு. 5 கிராம் பொடியில் 200 முதல் 300 மி.கி. வரை இருக்கும், கடையில் கிடைக்கும் பல மாத்திரைகளில் 100 மி.கி.தான். மாத்திரையில் கூடவே, லெவோடோபா வழியில் சிதைவதைத் தடுக்கும் கார்பிடோபா இருப்பதால், பொடியாக உட்கொண்ட லெவோடோபாவும் சிதையாமல் மூளைக்குச் சென்று அளவு மிஞ்சிப்போகும். கட்டுப்பாடற்ற உடலசைவு, இல்லாதவை தோன்றுதல், எழுந்து நின்றதும் இரத்த அழுத்தம் சரிந்து விழுதல் ஆகியவை அதன் விளைவுகள். ஏற்கெனவே மாத்திரை எடுப்பவருக்கு நாட்டு மருந்துக் கடையிலோ, கன்னடத்தில் கிரந்திகெ அங்கடி என்று சொல்லும் கடையிலோ வாங்கிய பூனைக்காலிப் பொடியைத் தாமாகக் கொடுக்காதீர்கள். மூலிகையை நம்பி மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது அதைவிடக் கொடியது. கடும் காய்ச்சலும் உடல் விறைப்பும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

மாத்திரை எடுக்கும் பார்க்கின்சன் நோயாளிக்கு உணவில் உடனே உதவும் குறிப்பு ஒன்று உண்டு. பருப்பு, தயிர், முட்டை ஆகியவற்றில் உள்ள புரதம் லெவோடோபாவோடு போட்டியிட்டு அது உட்கிரகிக்கப்படுவதைத் தடுக்கும். மாத்திரையை உணவுக்கு அரை மணி நேரத்துக்கு முன்போ ஒரு மணி நேரத்துக்குப் பின்போ தண்ணீரோடு கொடுங்கள். எந்த வல்லாரைக் கேப்சூலும் தராத பலனை இந்தச் சிறு மாற்றம் பலருக்குத் தருகிறது.

தேநீர், காப்பி, ஜிங்கோ

பச்சைத் தேயிலையை நீரில் ஊறவைத்துக் குடிப்பதில் குறையில்லை. அதன் சாறு செறிவூட்டப்பட்ட மாத்திரையை, பார்க்கின்சனை ஒத்த ஒரு நோயுள்ள 92 பேருக்கு ஜெர்மனியில் 48 வாரம் கொடுத்தும் நோய் தளரவில்லை. சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டது. ஜிங்கோ என்னும் சீன மரத்தின் இலைச் சாற்றின் கதை இன்னும் தெளிவானது: 75 வயதும் அதற்கு மேலும் ஆன 3,069 பேரிடம் சுமார் ஆறு ஆண்டுகள் நடந்து 2008-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், அது மறதிநோயைச் சற்றும் தடுக்கவில்லை. இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரினோ வார்ஃபரினோ எடுப்பவர்களுக்கு இரத்தக் கசிவு ஆபத்தும் உண்டு. வாங்க வேண்டாம்.

காப்பியைப் பற்றி நல்ல செய்தி. ஹோனலூலுவில் 8,004 ஆண்களை நெடுங்காலம் தொடர்ந்த ஆய்வு 2000-இல் வெளியானது. காப்பி அருந்துபவர்களிடம் பார்க்கின்சன் வெகுவாகக் குறைந்திருந்தது. காரணம் காப்பிதான் என்று அறுதியிட முடியாவிட்டாலும், காலையில் ஒரு டம்ளர் பில்டர் காப்பியைப் பெரியவர்களிடமிருந்து பறிக்க வேண்டிய அவசியம் இல்லை என்பதற்கு இது போதும். மாலைக் காப்பியை மட்டும் நிறுத்துங்கள். ஆழ்ந்த உறக்கம் மூளைக்கு மிகவும் தேவை. சிக்கரியில் காஃபீன் இல்லை என்பதும் நினைவிருக்கட்டும்.

நரம்பணுவைக் கொல்லும் தாவரங்களும் உண்டு

இயற்கையானது என்பதாலேயே ஒன்று பாதுகாப்பானதாகிவிடாது. முள்சீத்தா, பெங்களூரில் லட்சுமண ஃபல என்று விற்கப்படுவது, புற்றுநோயைக் குணமாக்கும் என்ற பேச்சினால் இப்போது இலைக் கஷாயமாகவும் கேப்சூலாகவும் வீடுகளுக்குள் வருகிறது. கரீபியக் கடலின் குவாதலூப் தீவில், வழக்கமான மருந்துக்குக் கட்டுப்படாத பார்க்கின்சன் வகை நோய் வழக்கத்துக்கு மாறாக அதிகம் இருப்பதை 1999-இல் மருத்துவர்கள் கவனித்தார்கள். இப்பழத்தையும் இலைத் தேநீரையும் மிகுதியாக உட்கொள்வதோடு அது தொடர்புடையதாகத் தெரிந்தது. இதில் உள்ள அன்னோனாசின் என்னும் சேர்மம் மைட்டோகாண்ட்ரியாவை முடக்கி நரம்பணுவைக் கொல்கிறது என்பது ஆய்வுக்கூடத்தில் காட்டப்பட்டது. எப்போதாவது ஒரு துண்டுப் பழம் உண்பதைப் பற்றி நான் பேசவில்லை. நாள்தோறும் இலைக் கஷாயம் குடிப்பதை இன்றே நிறுத்துங்கள். கேசரிப் பருப்பும் அப்படியே. பஞ்ச காலங்களில் அதையே முதன்மை உணவாக உண்டவர்களுக்குக் கால்கள் மீளாத வகையில் செயலிழந்தன. துவரம்பருப்பிலும் கடலைமாவிலும் அது கலக்கப்படுவதால், முத்திரையிட்ட பருப்பாகப் பார்த்து வாங்குங்கள்.

தட்டில் என்ன இருக்க வேண்டும்

சிகாகோவில் 960 முதியவர்களைத் தொடர்ந்து 2018-இல் வெளியான ஆய்வில், நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு கிண்ணம் கீரை உண்டவர்களின் நினைவாற்றல் மிக மெதுவாகத் தேய்ந்தது. வேறுபாடு சுமார் 11 வயது இளமைக்குச் சமம் என்று கணக்கிட்டார்கள். கீரை, கொட்டை, பயறு ஆகியவற்றை மையமாக வைத்த உணவு முறையை 604 பேரிடம் மூன்று ஆண்டுகள் சோதித்து 2023-இல் வெளியான மற்றோர் ஆய்வில், ஒப்பீட்டுக் குழுவைவிடக் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. இரண்டையும் சேர்த்துப் படித்தால், கீரை நெடுங்கால வழக்கமாக இருக்க வேண்டும் என்றும், அது மட்டும் போதாது என்றும் நான் புரிந்துகொள்கிறேன். முருங்கை, அரைக்கீரை, இங்கே எளிதாகக் கிடைக்கும் தண்டுக்கீரை, வெந்தயக் கீரை என்று மாற்றி மாற்றி ஒரு வேளையாவது சமையுங்கள். கையளவு வேர்க்கடலை, நாவல், நெல்லி, கொய்யா போதும். விலையுயர்ந்த வெளிநாட்டு நீலப்பழம் (ப்ளூபெர்ரி) தேவையில்லை. வெள்ளைச் சோற்றின் அளவைக் குறையுங்கள். இரத்த அழுத்தம், நீரிழிவு, கொழுப்பு, காது கேளாமை, புகை, உடலுழைப்பின்மை உள்ளிட்ட 14 காரணிகளைச் சரிசெய்தால் உலகில் ஏற்படும் மறதிநோயில் சுமார் 45 விழுக்காட்டைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்று 2024-இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் மதிப்பிட்டது. கேப்சூலுக்கு வைத்திருந்த பணத்தில் அப்பாவுக்குக் காது கேட்கும் கருவி வாங்குவது மூளைக்கு உறுதியான முதலீடு.

அதன் பிறகும் மாத்திரை வாங்குவதாக இருந்தால்

உறையில் தாவரத்தின் அறிவியல் பெயர், எந்தப் பகுதி, எத்தனை மி.கி., முதன்மைச் சேர்மம் எத்தனை விழுக்காடு என்ற விவரங்கள் இருக்க வேண்டும். ‘தனியுரிமைக் கலவை’ என்று மட்டும் எழுதி அளவை மறைத்திருந்தால் வாங்காதீர்கள். துணை உணவாக விற்கப்படுவதில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும், மருத்துவப் பயன்பாட்டுக்கு அன்று என்ற வாசகமும் இருக்கும். ஆயுர்வேத, சித்த மருந்தில் தயாரிப்பு உரிம எண் இருக்கும். மூளை நோய்களைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வது 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பதால், அப்படி விளம்பரம் செய்யும் நிறுவனத்தின் மற்ற சொற்களையும் நம்ப வேண்டியதில்லை. ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் தொடங்குங்கள். மூன்றைச் சேர்த்துத் தொடங்கினால் எது உதவியது, எது கெடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

மருத்துவரிடம் போகும்போது பெரியவர் உட்கொள்ளும் எல்லாப் புட்டிகளையும், லேகியத்தையும் கஷாயப் பொடியையும் சேர்த்து, ஒரு பையில் போட்டு அப்படியே எடுத்துச் சென்று மேசையில் வையுங்கள். ‘வேறு மருந்து ஏதும் எடுக்கிறீர்களா’ என்று கேட்டால் நம் பெரியவர்கள் மூலிகையை மருந்தாகவே எண்ணாமல் ‘இல்லை’ என்று சொல்லிவிடுவார்கள். அறுவை சிகிச்சை எதுவும் முடிவானால் குர்குமின், ஜிங்கோ, அமுக்கரா மாத்திரைகளைப் பற்றி இரண்டு வாரத்துக்கு முன்பே மயக்கவியல் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் அமுக்கராவைத் தொடங்கும் முன்பே கேட்க வேண்டும். செறிவூட்டிய சாறு எதையும் தொடங்குவதற்கு முன் ஒருமுறையும், ஆறு முதல் எட்டு வாரம் கழித்து மறுமுறையும் கல்லீரல் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இடையில் பசி மந்தித்து, சிறுநீர் தேநீர் நிறத்தில் கறுத்து, கண்ணின் வெள்ளை மஞ்சளாகத் தெரிந்தால், மறுநாள் வரை காத்திராமல் அன்றே மாத்திரையை நிறுத்தி, புட்டியோடு மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.